மாமாவின் கையும் மாற்றுப் பாதைகளும்

இந்த நாட்டுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுகிறோம். விழுந்த கையோடு எழும்பி, யாரும் கண்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்து, கோட்டைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறோம். இளம் ஆட்களுக்கு அவ்வளவுதான். வயது போய்க் கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் முகங்குப்புற விழுந்து, நாடி படியில் அடிபட்டுத் தலை பின்பக்கம் மடங்கினால் கதை வேறு. எலும்பு எதுவும் முறியாமல் இருக்கலாம். எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கழுத்துக்குள் ஓடும் நரம்புக் கயிறு நசிந்திருக்கும். இரண்டு கையும் நெருப்பாய் எரிகிறது, விரல் சொல்வழி கேட்கவில்லை என்று விழுந்தவர் சொன்னால் அவரைத் தூக்கி நிமிர்த்தி நடத்தாதீர்கள். கழுத்தை அசைக்காமல் விட்டு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாவிட்டால் ‘நெக்’ என்ற ஒரு சொல் போதும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது 2023 தை மாதத்தில். விழுந்தவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. வயது 67. ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர், கணக்கெழுத்து முத்து முத்தாக இருக்கும். விழுந்த முதல் மணித்தியாலம் நாலு அவயவமும் இல்லை. இரவுக்கிடையில் கால் விரல்கள் ஆடின. நாலாம் நாள் இரண்டு பேர் பிடிக்க எழுந்து நின்றார். மூன்றாம் கிழமை சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கை மட்டும் வரவில்லை. பார்க்க வந்த சனம் எல்லாம், “நடக்கிறார்தானே, பிறகென்ன?” என்றது. மாமா கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். “காலை வைச்சுக்கொண்டு நான் எங்கை போறது? கையைத் தந்திருக்கலாம்” என்பார்.

‘சென்ட்ரல் கோர்ட் சின்ட்ரோம்’ என்று வைத்தியசாலையில் எழுதித் தந்தார்கள். 1954 இல் அமெரிக்காவில் ஷ்னைடர் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் கூட்டாளிகளும் இதை விபரமாக எழுதியிருக்கிறார்கள். கால் முதலில் தேறும், பிறகு சிறுநீர்ப் பை, பிறகு மேற்கை, விரல்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. மாமாவுக்கு அதே வரிசைதான். காலுக்கு வந்த தேறுதல் ஏன் கைக்கு வரவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. எங்கள் மூத்தவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறாள். அவள் வாசித்து வந்து குசினி மேசையில் இருந்து சொன்னதையும், தெரபிஸ்ற் பெண்மணியிடம் நாங்கள் துருவித் துருவிக் கேட்டதையும் வைத்தே இதை எழுதுகிறோம். நாங்கள் வைத்தியர்கள் அல்லர்.

முள்ளந்தண்டு எலும்புகளின் துவாரத்தினூடாக மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கயிற்றைப் பள்ளிக்கூடத்தில் முண்ணாண் என்று படித்திருப்போம். வளர்ந்தவர்களில் அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர், பருமன் ஒரு விரலளவு. அதற்குள் மேலேயிருந்து கீழே கட்டளை கொண்டுபோகும் பாதை ஒன்றல்ல, பல. பெரியது மூளையின் மேற்பட்டையிலிருந்து நேரே இறங்குவது. பக்கத்துக்குப் பத்து இலட்சம் அளவில் நார்கள். அவற்றில் பெரும் பங்கு, 75 முதல் 90 வீதம் வரை, தலையின் அடியில் மறுபக்கம் தாண்டும். இடது மூளை வலக்கையை ஆட்டுவது அதனால்தான். பூனைக்கும் எலிக்கும்கூட இந்தப் பாதை இருக்கிறது. ஆனால் குரங்கிலும் மனிதனிலும் மட்டும் இதன் நார்களில் ஒரு பகுதி இடையில் எங்கும் தரிக்காமல், விரல்தசையை இயக்கும் நரம்புக்கலத்திலேயே நேரே போய்த் தொடுகிறது. ஊசியில் நூல் கோர்ப்பதும் சேட்டுத் தெறி பூட்டுவதும் அந்த நேர்த் தொடுப்பின் தயவு.

இதற்கப்பால் மூளையின் அடித்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகள் உண்டு. நிற்க, நடக்க, திடுக்கிட்டு உடம்பைக் குறுக்க எல்லாம் அவைதான் பெரிதும் உதவுகின்றன. கால் அவற்றை நம்பிப் பிழைத்துக்கொள்ளும். கை அந்தப் பெரும் பாதையையே நம்பியிருக்கிறது. ஆதலால் பெரும் பாதை நசிந்தால் முதலில் பட்டினி கிடப்பது விரல். கைக்குரிய நார்கள் கயிற்றின் நடுவில் இருப்பதால்தான் இப்படி ஆகிறது என்று பழைய புத்தகங்களில் இருக்குமாம். மனிதரில் அப்படிப் பிரித்து அடுக்கியிருப்பதாகத் தெரியவில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

மூத்தவள் இதைச் சொன்னபோது மாமா சட்டென்று, “அப்ப ஆனையிறவு பூட்டு. கிளாலியாலை வரவேணும்” என்றார். எங்களுக்கு ஒரு நாளும் தோன்றாத உவமை. தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கண்டி வீதி பூட்டியிருந்தது. அதற்காகச் சனம் போகாமல் இருக்கவில்லை. கொம்படிச் சேற்றாலும் கிளாலிக் கடலாலும் இரவிரவாகப் போனது. ஆள் போகலாம், மூட்டை போகலாம், சைக்கிளும் போகலாம். லொறி போகாது. எந்தப் பாதை எதைச் சுமக்கும் என்பதில்தான் கையின் கதை முழுவதும் இருக்கிறது.

1968 இல் லோறன்ஸ், கைப்பர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், அந்தப் பெரும் பாதையை இரண்டு பக்கமும் வெட்டிய குரங்குகளைப் பற்றி எழுதினார்கள். (குரங்கை வெட்டுவதா என்று மாமி முகத்தைச் சுளித்தார். எங்களுக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மாமாவின் தெரபியில் பாதி அந்தக் குரங்குகளின் புண்ணியம்.) குரங்குகள் தேறின. ஓடின, கூட்டில் ஏறின, கம்பியை இறுகப் பிடித்தன. தனி விரலை ஆட்டுவது மட்டும் திரும்பவில்லை. இன்னுமொரு வேடிக்கை: ஏறும்போது கம்பியை விட அவற்றுக்குக் கஷ்டமில்லை, கையில் எடுத்த தீனியை விடுவதற்குத்தான் கஷ்டப்பட்டன.

இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமா அப்போது நடைச்சட்டத்தின் பிடியை நன்றாகப் பிடிப்பார். கோப்பையைக் கொடுத்தால் வளைத்துப் பிடிப்பார். மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கத்தான் முடியாது. மறு கையால் ஒவ்வொரு விரலாகக் கழற்ற வேண்டும். “பிடிக்கத் தெரியுது, விடத் தெரியேல்லை. சங்கக்கடையிலை கன பேரை இப்படிக் கண்டிருக்கிறன்” என்று தன்னையே பகிடி பண்ணுவார்.

அந்தப் பகிடிக்குள் உள்ள விஷயத்தை இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஸ்ருவேட் பேக்கரும் கூட்டாளிகளும் 2012 இல் காட்டினார்கள். ஒரு பக்கப் பெரும் பாதை சேதமாகித் தேறிய குரங்குகளில், மூளைத்தண்டிலிருந்து வரும் பழைய பாதை கைக்கு முன்னையிலும் பலமாகத் தொடுப்புக் கொடுத்திருந்தது. ஆனால் எல்லாத் தசைக்கும் அல்ல. மடக்கும் முன்கைத் தசைக்கும் உள்ளங்கையின் சின்னத் தசைகளுக்கும் பலம் கூடியது. விரிக்கும் தசைக்குக் கூடவில்லை. அதனால்தான் பிடி முதலில் வருகிறது, விரிப்பு பிந்துகிறது. பக்கவாதக்காரரிலும் இதே கோலத்தைக் காணலாம். 2017 இல் பேக்கரும் மொனிக்கா பெரெஸும் கழுத்தில் முண்ணாண் காயம்பட்ட மனிதர்களைச் சோதித்தார்கள். திடீரென்று பெரிய சத்தம் எழுப்பினால் மூளைத்தண்டுப் பாதை விழித்துக்கொள்ளும். அதை வைத்து அளந்தபோது, முழுக் கையால் இறுகப் பிடிக்கும் வேலையில் அந்தப் பாதையின் பங்கு இருப்பதற்கு அடையாளம் கிடைத்தது. எங்கள் குசினியில் சட்டி விழுந்தால் மாமாவின் வலக்கை தானாக மூடும். முன்பு அதைக் கண்டு பயந்த மாமி, பிறகு, “அந்தா, கிளாலி வள்ளம் வந்திட்டுது” என்பார்.

ஆகவே தெரபிஸ்ற், பிடிக்கும் பயிற்சியை விட விரிக்கும் பயிற்சியையே அதிகம் தந்தார். உள்ளங்கையை மேசையில் வைத்து விரலைத் தூக்குவது, இறப்பர் வளையத்தை விரல்களைச் சுற்றிப் போட்டு விரிப்பது, பிடித்த பொருளைச் சொன்ன இடத்தில் விடுவது. வீட்டுக்கு வருகிற எல்லோரும் பந்து ஒன்றை வாங்கிவந்து “நசி, நசி” என்றார்கள். அன்பாக வாங்கி வந்த பந்துகளைப் பேரப்பிள்ளைகள் விளையாடட்டும் என்று விட்டுவிட்டோம்.

விரல் தனித்தனியாக ஆடுவதற்கு ஏதாவது வழி உண்டா? இங்கேதான் யப்பான்காரர் வருகிறார்கள். ஒக்கசாக்கி நகரத்து உடற்றொழிலியல் நிறுவனத்தில் தடாஷி ஈசாவும் குழுவினரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் பாதையைத் தலையடியில் வெட்டாமல் கழுத்தின் நடுப்பகுதியில் வெட்டினார்கள். அந்தக் குரங்குகள் பிறகு பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சின்னத் தீனித் துண்டைக் கிள்ளி எடுத்தன. காரணம், வெட்டுக்கு மேலே கழுத்திலேயே இருக்கும் இடைநிலை நரம்புக்கலங்கள். மூளையின் கட்டளையை அவை வாங்கி, வேறு தடத்தால் கீழே கடத்துகின்றன. 2012 இல் அதே குழுவினர் அந்த இடைநிலைக் கலங்களை மட்டும் தற்காலிகமாக வாயடைத்துப் பார்த்தார்கள். காயமில்லாத குரங்கிலும் கையின் நுணுக்கம் குன்றியது. ஆக, அந்தச் சின்னத் தடம் முன்பே வேலையில் இருந்திருக்கிறது. பெரும் பாதையின் இரைச்சலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூளையும் சும்மா இருக்கவில்லை. 2007 இல் நிஷிமுராவும் ஈசாவும் மற்றவர்களும் காட்டியபடி, காயத்தின் பின் முதல் மாதமளவில் மூளையின் இரண்டு பக்கமும் அந்த ஒரு கைக்காக வேலை செய்தன. மூன்றாம் மாதமளவில் வழமையான பக்கமே அகலித்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டது, அயலில் உள்ள பகுதிகளும் துணைக்கு வந்தன. 2013 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எங்களுக்கு மிக முக்கியம். காயத்தின் பின் உடனே பயிற்சி தொடங்கிய குரங்குகளையும், ஒரு மாதம் சும்மா விட்டுப் பிறகு தொடங்கியவற்றையும் ஒப்பிட்டார்கள். பிந்தித் தொடங்கியவை குறைவாகவே தேறின.

மூத்தவள் கடைசியாகக் கொண்டுவந்தது 2015 ஆம் ஆண்டு ஆய்வு. மூளையின் ஆழத்தில் நியூக்கிளியஸ் அக்கும்பென்ஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆசை, ஊக்கம், கிடைக்கப்போகும் பலன் என்பவற்றோடு சம்பந்தப்பட்ட இடம். காயம் படாத குரங்கில் அதை வாயடைத்தால் விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காயத்திலிருந்து தேறிவரும் முதல் மாதத்தில் வாயடைத்தால், திரும்பி வந்த விரலாட்டம் குழம்பிப்போனது. புதுத் தடத்தைத் திறக்கிற காலத்தில் விருப்பமும் ஒரு வேலையாள் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

அப்போது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்த பெரிய வழக்கு சாப்பாடு. வைத்தியசாலையில் தடித்த பிடி போட்ட கரண்டி தந்திருந்தார்கள். மாமா அதைத் தொடமாட்டார். கையால் குழைத்துச் சாப்பிட்டால்தான் சோறு, மற்றதெல்லாம் மருந்து என்பது அவர் கட்சி. மாமியின் கட்சி, தானே குழைத்துத் தீத்திவிடுவது. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், நாலு பருக்கையைக் கோப்பையிலிருந்து எடுக்கப் பாடுபட்டு, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் தலையைக் குனிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க எந்தப் பெண்சாதியால் முடியும்? “இஞ்சாருங்கோ, ஆவெண்டுங்கோ” என்பார். மாமா சில நாள் ஆவென்பார். சில நாள் வாயை இறுக மூடிக்கொள்வார்.

இதில் யாரையும் குறைசொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடத்தில் வருத்தக்காரரைக் கவனிப்பது என்றால் அவரை அசையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். அதோடு விறைத்த கையால் சுடுசோறு குழைத்தால் விரல் வெந்தாலும் தெரியாது. மாமியின் பயத்தில் நியாயம் இருந்தது. தெரபிஸ்ற் பெண்மணி ஒரு வெள்ளைக்காரி. கையால் சாப்பிடுவது அவருக்குப் புதிது. மூத்தவளைக் கொண்டு நாங்கள் விளக்கினோம்: பருப்பையும் சோற்றையும் விரல் நுனியால் சேர்ப்பது, குழைப்பது, உருட்டுவது, நாலு விரலில் ஏந்துவது, பெருவிரலால் தள்ளி வாய்க்குள் விடுவது. அவர் எழுதிக்கொண்டே வந்தவர், பேனையை வைத்துவிட்டு, “நான் தரக்கூடிய எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு இல்லை. இதற்காக ஆசைப்படுகிறாரா?” என்று கேட்டார். மாமாவுக்குத் தமிழில் சொன்னோம். “பிள்ளையிட்டைச் சொல்லு, செத்தாலும் கையாலை திண்டிட்டுத்தான் சாவன் எண்டு.” மூத்தவள் அதைக் கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்தாள்.

ஒரு ஒப்பந்தம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் முதல் பதினைந்து நிமிஷம் மாமாவின் கைக்கு. சோறு ஆறியிருக்க வேண்டும், மாமி தன் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாமி தீத்தலாம், மாமா வாயைத் திறக்க வேண்டும். மேசைக்குக் கீழே பழைய பேப்பர் விரித்தோம். முதற் கிழமை பேப்பருக்குத்தான் நல்ல சாப்பாடு. இறுகிய குத்தரிசிச் சோற்றை விடக் குழைந்த சோறு விரலில் ஒட்டும் என்று மாமியே கண்டுபிடித்தார். புட்டும் சொதியும் முடியாது. வாழைப்பழம் போட்டுப் பிசைந்த புட்டு முடியும்.

மெல்ல மெல்ல மாமி எங்களையெல்லாம் மிஞ்சிவிட்டார். முருங்கையிலையை மாமாவின் முன் கொட்டி, “சும்மாதானே இருக்கிறியள், ஆய்ஞ்சு தாங்கோ” என்பார். பருப்பில் கல் பொறுக்கக் கொடுப்பார். கல்லில்லாத பருப்பு என்று மாமாவுக்கும் தெரியும். ஒருநாள் நாலைந்து மிளகைப் போட்டு வைத்தார். உள்ளி உரிப்பது மிகக் கஷ்டம், ஆனால் உரித்த பல்லை ஒவ்வொன்றாகப் போத்தலுக்குள் விடுவது விடும் பயிற்சி. இடியப்ப மாக் குழைப்பது பிடிக்கும் பயிற்சி, அது அவருக்கு முதலே வந்துவிட்டதால் மாமி அதைத் தானே வைத்துக்கொண்டார்.

புதிதாக இப்படியொரு நிலைக்கு ஆளான குடும்பங்களுக்கு இரண்டு மூன்று விஷயம். யாரோ ஒருவர் எங்களிடம் வெளிநாட்டு ஸ்ரெம் செல் ஊசி என்று விளம்பரம் கொண்டுவந்தார். சீட்டுக் காசை எடுத்தாவது போகலாமா என்று அம்மா அழுதார். விசேஷ வைத்தியரிடம் காட்டினோம். ஒழுங்கான பரிசோதனையில் நிரூபிக்கப்படாத சிகிச்சை, காசு வாங்கிக்கொண்டு செய்கிறார்கள், தீங்கும் வரலாம் என்றார். போகவில்லை. எண்ணெய் பூசிக் கையைத் தடவுவதில் பிழையில்லை. கழுத்தை முறுக்கி நெட்டி முறிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். எலும்புத் துவாரம் ஒடுங்கிய கழுத்து அது. மூன்றாவது, தெரபிக்குப் போகும்போது வருத்தக்காரர் எதைச் செய்ய ஆசைப்படுகிறார் என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். தேவாரப் புத்தகத்தின் தாள் புரட்டுவதோ, தலைமயிர் பின்னுவதோ, எதுவானாலும். கேட்டால் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்யும் இடங்கள் பல உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குரங்கில் செய்த வெட்டு சுத்தமானது. மனிதரின் காயம் நசிவும் இரத்தக் கசிவுமாகக் கலந்து கிடக்கும். முண்ணாண் முற்றாக அறுந்தவருக்கு மாமாவின் கதையைச் சொல்லி நம்பிக்கை கொடுப்பது நியாயமல்ல. மாற்றுப் பாதை திறப்பதற்கு எங்காவது ஒரு கீற்று மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சிய கீற்று என்ன செய்யும் என்பதற்கு 2010 இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று சாட்சி. கழுத்தில் ஒரு பக்கம் வெட்டுண்ட குரங்குகளில், மறுபக்கத்து நார்கள் நடுக்கோட்டைத் தாண்டிக் கிளைவிட்டு, ஆறுமாதமளவில், இழந்த பக்கத்தில் முன்பிருந்த அடர்த்தியின் 60 வீதத்தை மீட்டிருந்தன. யாரும் மருந்து கொடுக்கவில்லை, அவையாகவே செய்தவை.

காலம் கடந்தவர்களுக்கும் கதவு முற்றாகப் பூட்டவில்லை. கழுத்துத் தோலின் மேல் ஒட்டி முண்ணாணுக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவி ஒன்றைப் பற்றிய ஆய்வு 2024 இல் வெளிவந்தது. நாட்பட்ட கழுத்துக் காயக்காரர் 60 பேர், அவர்களில் 72 வீதமானோருக்குக் கையின் பலமும் செயலும் முன்னேறின. காயப்பட்டு 34 வருஷமானவரும் அதில் இருந்தார். அந்த வருஷம் மார்கழியில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் அதை அனுமதித்தது. கருவி மட்டும் போதாது, பயிற்சியோடு சேர்த்துத்தான்.

மாமாவுக்கு அந்தக் கருவி கிடைக்கவில்லை. இப்போது பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் அவர் சொற்படி நடக்கின்றன. மற்ற இரண்டும் கூட வருகின்றன, ஆனால் தனியாக வராது. கையெழுத்துப் போடுகிறார், பழைய முத்து இல்லை. கழுத்துத் தெறியை மாமிதான் பூட்டிவிட வேண்டும். மத்தியானத்தில் சோறு முழுவதையும் தானே சாப்பிடுகிறார், நாற்பது நிமிஷம் எடுக்கும். இரசம் மட்டும் கோப்பையில். போன மாதம் மூத்தவளுக்குக் கறி ருசி பார்க்கச் சோறு குழைத்து ஒரு கவளம் நீட்டினார். அவள் வாங்கித் தின்றுவிட்டு, “உப்புக் காணாது மாமா” என்றாள். “அது மாமியின்ர பிழை, என்ர கையின்ர பிழையில்லை” என்றார்.